டைம்லைன் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

வீடியோ எடிட் பாதியில் இருக்கும்போது உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போனால் பலரும் உடனே கிளிப்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுக்கத் தொடங்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு எந்த வகை என்று தெரிவதற்குள் நாலு இடத்தில் கை வைத்துவிட்டால், முதலில் இருந்த கோளாறு எது, பிறகு நாம் உண்டாக்கியது எது என்று பிரிக்கவே முடியாது. முதல் வேலை, டைம்லைனை ஒரு நகல் எடுத்து வைப்பது. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், கோப்புகள் இருக்கும் மீடியா பூலில் டைம்லைன் மேல் வலது கிளிக் செய்து ‘டூப்ளிகேட் டைம்லைன்’. அடோபி பிரீமியரில் சீக்வென்ஸ் (டைம்லைனுக்கு அங்கே உள்ள பெயர்) மேல் வலது கிளிக், ‘டூப்ளிகேட்’. எந்தச் சோதனையும் நகலில்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும். டைம்லைனில் வீடியோ கிடையாது. மளிகைச் சீட்டில் அரிசி இருக்கிறதா? அதுபோலத்தான். ‘இந்தக் கோப்பில் 412-ஆவது ஃபிரேம் முதல் 530-ஆவது ஃபிரேம் வரை எடு, என் கணக்கில் 1,200-ஆவது ஃபிரேமில் வை’ என்ற குறிப்புகளின் வரிசை அது. ஃபிரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம். 1971-இல் வந்த சிஎம்எக்ஸ் 600 என்ற எடிட்டிங் கருவி முதல் இன்றுவரை கணினி எடிட்டிங்கின் அடிப்படை இந்தப் பட்டியல்தான். சிஎம்எக்ஸ் 3600 வடிவத்தில் எழுதிய இடிஎல் (வெட்டுகளின் பட்டியல்) கோப்பை இன்றைய ரிசால்வும் பிரீமியரும்கூடப் படிக்கும். அதைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும்.

ஆக, கோளாறு என்றால் ஃபிரேம் எண்ணும் வேகம் பொருந்தவில்லை, அல்லது குறிப்பின் இடம் நகர்ந்துவிட்டது, அல்லது குறிப்பு காட்டும் கோப்பு காணோம். இவை எதுவும் இல்லையென்றால், கணினியால் அந்த வேகத்தில் பிரித்துப் படிக்க முடியவில்லை. எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சத்தமும் உதடும் பொருந்தவில்லை

முதலில் காதில் இருக்கும் ப்ளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள். அதில் சத்தம் வந்து சேரவே நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகலாம். கம்பி உள்ள ஹெட்ஃபோனில் கேட்டும் விலகல் இருந்தால்தான் அது டைம்லைன் கோளாறு.

அடுத்து, மூன்று இடங்களில் பாருங்கள்: தொடக்கம், நடு, முடிவு. ‘ப’, ‘ம’ போன்ற உதடு மூடும் எழுத்துகள் வரும் இடம் அல்லது கைதட்டல் வசதியாக இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ஃபிரேம் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்களும் காரணத்தைச் சொல்லிவிடும்.

*மூன்று இடத்திலும் ஒரே அளவு.* இது நல்ல செய்தி. வேகத்தில் தவறில்லை, வைத்த இடம்தான் தவறு. வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் இருக்கும் லிங்கைப் பிரித்துவிட்டு, ஆடியோவை அத்தனை ஃபிரேம் தள்ளினால் போதும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி என்றால் வேவ்ஃபார்மை (ஒலியின் அலை வடிவத்தை) வைத்து மென்பொருளே பொருத்தித்தரும். கேமராவிலும் ஏதோ ஒரு மைக் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஃபிரேம் தள்ளினால் முந்துகிறது, தள்ளாவிட்டால் பிந்துகிறது என்ற நிலை வரலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி. அதற்குக் குறைவாக நகர்த்த வேண்டுமென்றால் பிரீமியரில் ‘ஷோ ஆடியோ டைம் யூனிட்ஸ்’ என்பதை இயக்குங்கள். ரிசால்வில் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பக்கம் விட்டுவைப்பது என்ற குழப்பம் வந்தால், சத்தம் சற்றுப் பிந்தியிருக்கும் பக்கமே நல்லது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரையின்படி, சத்தம் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரியாது. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தாலும் அடி முதலில் கண்ணுக்குத் தெரிந்து, சத்தம் பிறகுதானே வருகிறது. பிந்தும் சத்தத்துக்கு நம் மூளை பழகியிருக்கிறது.

*தொடக்கத்தில் சரி, போகப் போக ஒரே சீராகக் கூடுகிறது.* இங்கே எண்ணும் வேகம் தவறு. எவ்வளவு கூடுகிறது என்று அளந்தால் குற்றவாளி யார் என்று தெரியும்.

ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி என்றால், 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் அது. 30-க்கும் 29.97-க்கும் இதே கணக்குதான். இந்தப் பின்ன எண்கள் 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி முறை வந்தபோது பிறந்தவை. நிறச் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 30-ஐ 1000/1001 மடங்காகக் குறைத்தார்கள். அந்தக் காரணம் எப்போதோ போய்விட்டது, எண் மட்டும் கேமரா மெனுவில் இன்னும் இருக்கிறது.

ஒரு நிமிடத்துக்கே 2.4 விநாடி விலகினால், 24 ஃபிரேமில் எடுத்ததை 25 என்று மென்பொருளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ரிசால்வில் கிளிப் ஆட்ரிப்யூட்ஸ், பிரீமியரில் ‘மாடிஃபை’ மெனுவுக்குள் இருக்கும் இன்டர்பிரட் ஃபுட்டேஜ் ஆகியவற்றைத் திறந்து, கோப்பின் சொந்த வேகத்துக்கே திருப்புங்கள்.

நிமிடத்துக்கு ஐந்து விநாடி போல விலகி, குரலும் கீச்சென்று மாறியிருந்தால் அது ஒலியின் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று நினைத்துப் படித்தால் இப்படித்தான் ஆகும். கோப்பின் தலைப்பில் தவறான எண் இருக்கும்போது நடக்கும் கோளாறு இது; அடாசிட்டி போன்ற நிரலில் சரியான எண்ணைக் கொடுத்துத் திறந்து, 48 கிலோஹெர்ட்ஸில் மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, மூன்று, ஐந்து ஃபிரேம் மட்டும் விலகினால்? எந்த எண்ணிலும் தவறில்லை. கேமராவுக்குள் ஒரு படிகக் கடிகாரம், ரெக்கார்டருக்குள் இன்னொன்று. இரண்டும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி, அதாவது 25 ஃபிரேம் கணக்கில் நாலரை ஃபிரேம். கச்சேரி, பட்டிமன்றம், திருமண நிகழ்ச்சி என்று கேமராவை நிறுத்தாமல் ஓடவிடும் பதிவுகளில் இது தவறாமல் வரும். ஒலியின் வேகத்தை 0.005 சதவீதம் மாற்றலாம்தான், ஆனால் பல மென்பொருள்களின் வேகப் பெட்டி இரண்டு தசம இடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. பேச்சு என்றால் எனக்கு நம்பிக்கையான வழி ஒன்றுதான்: பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சு நிற்கும் இடத்தில் ஒலியை வெட்டி, அடுத்த துண்டை மட்டும் ஒரு ஃபிரேம் நகர்த்துவது. மௌனத்தில் ஒரு ஃபிரேம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பாட்டு என்றால் வெட்டக்கூடாது, தாளம் இடறும். அங்கே ஒரு பாட்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்து, பாட்டு தொடங்கும் இடத்தில் பொருத்துங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்குள் சேரும் விலகல் அரை ஃபிரேமைத் தாண்டாது.

*ஓரிடத்தில் கூடுகிறது, அடுத்த இடத்தில் குறைகிறது, ஒழுங்கே இல்லை.* இப்போதெல்லாம் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதிகம் பேரைக் குழப்புவதும் இதுதான். காரணம், மாறும் ஃபிரேம் வீதம். கைபேசி 30 என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தை நீட்டிக்கொள்ளும். திரைப்பதிவு செயலிகள் திரையில் அசைவில்லாதபோது குறைவாகவே எழுதும். காணொளி அழைப்பின் பதிவும், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவும் பெரும்பாலும் இதே வகை. கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் நேரம் எழுதியிருப்பதால், பிளேயரில் போட்டால் சரியாகவே ஓடும். டைம்லைனோ எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வரும் என்று கணக்குப் போடுகிறது. ஒலி உண்மையான நேரப்படி ஓட, படம் அந்தக் கணக்கின்படி ஓடுகிறது. ‘பிளேயரில் சரி, டைம்லைனில் தவறு’ என்றாலே இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உறுதி செய்ய, மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரலில் கோப்பைப் போடுங்கள். ‘ஃபிரேம் ரேட் மோட்’ என்ற வரியில் ‘வேரியபிள்’ என்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்பைத் திறந்து, வீடியோ பிரிவில் ஃபிரேம் ரேட்டை 30 என்று கொடுத்து, அதன் கீழே ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தரம் குறையாமல் இருக்க ஆர்எஃப் என்ற தர அளவை 18 பக்கம் வையுங்கள்; கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. உங்கள் டைம்லைன் 25 ஆக இருந்தாலும் இங்கே கோப்பின் சொந்த வீதத்துக்கு நெருக்கமான எண்ணையே கொடுங்கள். வீதத்தை மாற்றும் வேலையை டைம்லைன் ஒருமுறை செய்தால் போதும், இரண்டு முறை செய்தால் அசைவு கெடும்.

இதை எடிட் தொடங்கும் முன்பே செய்வதுதான் சரி. ஏற்கனவே வெட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், மாற்றிய கோப்பைப் பழைய கிளிப்பின் இடத்தில் ரீலிங்க் செய்யலாம், அதாவது பழைய குறிப்புக்குப் புதுக் கோப்பைக் காட்டலாம். ஆனால் பழைய குறிப்பில் இருந்த 412-ஆவது ஃபிரேமும் புதுக் கோப்பின் 412-ஆவது ஃபிரேமும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு வெட்டையும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிரீமியர் இப்படிப்பட்ட கோப்புகளைத் தானே சமாளிக்கப் பார்க்கும், சிறு கோப்புகளில் அது போதும். நீளமான நேர்காணலுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

படம் தடுக்கித் தடுக்கிப் போகிறது

இதில் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வருகின்றன. பிரித்தறிய, தடுக்கும் இடத்தில் பத்து விநாடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வழவழப்பாக ஓடினால் கணினியின் சுமை. அதிலும் தடுக்கினால் ஃபிரேம் வீதப் பொருத்தமின்மை.

சுமை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் எழுதிய கோப்புகளில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. முழுப் படம் எப்போதோ ஒன்று. நடுவில் வருபவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நீங்கள் டைம்லைனில் ஓர் இடத்தில் கிளிக் செய்தால், கணினி பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் பிளே செய்யும்போது ஓரளவு ஓடும் கோப்பு, முன்பின் இழுத்துப் பார்க்கும்போது திணறுகிறது. தீர்வு, பிராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் எடுக்கும் இலகுவான நகல். ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’, பிரீமியரில் பிராக்ஸி மெனுவில் ‘கிரியேட் பிராக்ஸிஸ்’. பிராக்ஸி எடுக்க நேரமில்லையென்றால் பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட்டின் தரத்தை அது தொடாது.

டைம்லைன் மேல் வரும் வண்ணக் கோடுகளைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பிரீமியரில் சிவப்பு என்றால் ரெண்டர் செய்யாமல் (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்காமல்) முழு வேகத்தில் ஓடாமல் போகலாம் என்று பொருள். மஞ்சள், ரெண்டர் ஆகவில்லை ஆனாலும் ஓடிவிடும். பச்சை, ரெண்டர் ஆகிவிட்டது. ரிசால்வில் ரெண்டர் கேஷ் இயங்கும்போது சிவப்பு என்றால் இன்னும் ஆகவில்லை, நீலம் என்றால் ஆகிவிட்டது. எந்தக் கோடும் பிழைச் செய்தி கிடையாது.

எக்ஸ்போர்ட்டிலும் தடுக்கினால் கணக்கைப் பாருங்கள். 30 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் ஒவ்வோர் ஆறாவது ஃபிரேமும் விழுந்துவிடும். நிலையான காட்சியில் தெரியாது. கேமரா மெல்ல நகரும் காட்சியில் விநாடிக்கு ஐந்து முறை துள்ளும். 24-ஐ 25-இல் போட்டால் விநாடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். 60-ஐ 25-இல் போட்டால் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று மாறி மாறி எடுக்கும், அதுவும் சீராக இருக்காது. 50-ஐ 25-இல் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று, சுத்தமாக விழும்.

இந்தியாவில் எடுப்பவர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: கேமராவில் 25 அல்லது 50 வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் மண்டப விளக்குகளோடு ஒத்துப்போகும், விளக்கு மினுக்காது. கைபேசியில்தான் எடுத்தாக வேண்டும், அது 30-ஐ விட்டு இறங்காது என்றால், கேமராவையும் 30 வைத்து டைம்லைனையும் 30 ஆக்கிவிடுங்கள். அப்போது ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள். பெரும்பாலான ஃபுட்டேஜ் எந்த வீதமோ, டைம்லைனும் அதே வீதம். இதில் வேறு யோசனை தேவையில்லை.

டைம்லைன் வீதம் தவறு என்று பாதியில் தெரிந்தால்? ரிசால்வில் எடிட் தொடங்கிய பிறகு அந்த எண் பூட்டிக்கொள்ளும், மாற்ற விடாது. எல்லாக் குறிப்பும் ஃபிரேம் எண்ணில் இருப்பதால் அது பூட்டிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. புது டைம்லைன் உருவாக்கும்போது ‘யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு, ஃபார்மட் பகுதியில் சரியான வீதத்தைக் கொடுத்து, பழையதிலிருந்து கிளிப்புகளை நகலெடுத்து ஒட்டுங்கள். வெட்டுகள் ஒரு ஃபிரேம் முன்பின் ஆகலாம், இசைக்கு ஏற்ப வெட்டிய இடங்களை மட்டும் மறுபடி பாருங்கள்.

மெதுவோட்டம் தடுக்கினாலும் இதே கணக்குதான். 25 டைம்லைனில் 50 ஃபிரேம் கிளிப்பை 50 சதவீதம் மெதுவாக்கினால் இருக்கும் ஃபிரேம் எல்லாம் ஒன்றுவிடாமல் வரும். 25 ஃபிரேம் கிளிப்பை 50 சதவீதமாக்கினால் இல்லாத ஃபிரேமை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? இரட்டிக்கும், அல்லது ஆப்டிகல் ஃப்ளோ மூலம் கற்பனையாக வரையும். முகத்துக்குக் குறுக்கே கை வந்தால் அந்தக் கற்பனை உருகிப்போவதைப் பார்க்கலாம்.

முன்னால் ஒரு துண்டை நீக்கினேன், பின்னால் எல்லாம் இடம் மாறிவிட்டது

எடிட்டிங் கற்றுக்கொள்பவர்களை அதிகம் மனமுடைய வைப்பது இது. இதைப் புரிந்துகொண்டால் டைம்லைன் பாதி புரிந்துவிட்டது என்பேன்.

நீக்குவதில் இரண்டு வகை. ஒன்று, நீக்கிய இடத்தை வெற்றிடமாக விடுவது. மற்றொன்று, பின்னால் இருப்பவை முன்னால் வந்து இடத்தை அடைப்பது, இதுதான் ரிப்பிள். சேர்ப்பதிலும் அப்படியே: ஓவர்ரைட் என்றால் இருப்பதன் மேல் எழுதும், இன்சர்ட் என்றால் இருப்பதைப் பின்னுக்குத் தள்ளும். கேள்வி என்னவென்றால், ஒரு டிராக்கில் (டைம்லைனில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வரிசைகளில் ஒன்றில்) ரிப்பிள் செய்தால் மற்ற டிராக்குகளும் சேர்ந்து நகர வேண்டுமா?

பிரீமியர் இதை ஒவ்வொரு டிராக்கிலும் இருக்கும் சிங்க் லாக் பொத்தானைப் பார்த்து முடிவு செய்கிறது. ரிசால்வில் ஆட்டோ செலக்டர். அது அணைந்திருக்கும் டிராக் நகராமல் நின்றுவிடும். வசன வரிகள் மட்டும் பழைய இடத்தில் தொங்குவது அதனால்தான். பாதுகாப்புக்கு என்று பூட்டுச் சின்னத்தைப் போட்டு டிராக்கைப் பூட்டிவைத்தாலும் அது ரிப்பிளில் நகராது. இசை டிராக்கைப் பூட்டிவிட்டு முன்னால் வெட்டினால், தாளத்துக்கு வெட்டிய எல்லாக் காட்சியும் தாளம் தப்பும். அடியில் மெல்ல ஓடும் பின்னணி இசை என்றால் பூட்டலாம். தாளத்துக்கு வெட்டியிருந்தால் பூட்டவே கூடாது.

ஃபைனல் கட் ப்ரோ 2011-இல் இதற்கு வேறு விடை கொண்டுவந்தது. அதன் காந்த டைம்லைனில் முதன்மை வரிசைக்கு மேலும் கீழும் இருப்பவை, தாம் தொங்கும் கிளிப்போடு கட்டப்பட்டவை. அந்தக் கிளிப் நகர்ந்தால் அவையும் நகரும். அது நீங்கினால் அவையும் நீங்கும். அங்கே ‘டைட்டில் காணாமல் போய்விட்டது’ என்ற புகார் வருவது இதனால்தான். எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்தினால் தொங்குபவை அதே இடத்தில் நிற்கும். கேப்கட்டிலும் முதன்மை டிராக்குக்கு இப்படியொரு காந்தம் உண்டு. டைம்லைனின் மேல் மூலையில் அதன் பொத்தான் இருக்கும். இடைவெளி விட நினைத்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அதை அணையுங்கள்.

சரி, ஏற்கனவே குலைந்துவிட்டதை எப்படிச் சீர் செய்வது? உடனே கவனித்தால் அன்டூ. தாமதமாகக் கவனித்தால், விலகல் தொடங்கும் முதல் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் ஒரே அளவுதான் விலகியிருக்கும். ஒவ்வொன்றாக இழுக்காமல், அங்கிருந்து வலப்பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பிரீமியரில் ‘டிராக் செலக்ட் ஃபார்வர்ட்’ கருவியால், ஒரே நகர்த்தலில் கொண்டுவாருங்கள். எத்தனை ஃபிரேம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. லிங்க் உள்ள வீடியோவும் ஒலியும் பிரிந்திருந்தால் கிளிப்பின் மேலேயே சிவப்பில் எண் தெரியும். பிரீமியரில் அந்த எண்ணின் மேல் வலது கிளிக் செய்து ‘மூவ் இன்டு சிங்க்’ கொடுத்தால் தானே சேர்ந்துகொள்ளும். வேண்டுமென்றே ஒலியை நீட்டி வெட்டியிருப்பதற்கு இந்த எண் வராது, இடம் நகர்ந்தால் மட்டுமே வரும். ஆகவே அது நம்பகமான சாட்சி.

ரிப்பிள் டெலீட் கொடுத்தும் இடைவெளி மூடவே இல்லையா? அதே நேரத்தில் வேறொரு டிராக்கில் ஏதோ கிளிப் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இசையோ லோகோவோ நீளமாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு நொடி கறுப்பு மின்னி மறைகிறது

இரண்டு கிளிப்புக்கு நடுவே ஒரே ஒரு ஃபிரேம் வெற்றிடம். பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது மட்டும் உறுத்தும். பிரீமியரில் சீக்வென்ஸ் மெனுவில் ‘கோ டு கேப்’ ஒவ்வொரு இடைவெளிக்கும் உங்களைக் கூட்டிப்போகும், ‘குளோஸ் கேப்’ மூடிவிடும். ரிசால்வில் எடிட் மெனுவில் ‘டெலீட் கேப்ஸ்’. நகலில் முயன்று பாருங்கள். வேண்டுமென்றே விட்ட இடைவெளியையும் சேர்த்து மூடிவிடும்.

கறுப்புக்குப் பதிலாக வேறு காட்சியின் ஒரு ஃபிரேம் மின்னினால், கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டிய இடத்தைத் தாண்டி உங்கள் வெட்டு போயிருக்கிறது, அல்லது மேல் டிராக்கில் இருக்கும் கிளிப் ஒரு ஃபிரேம் முன்னதாக முடிந்து கீழே இருப்பது எட்டிப்பார்க்கிறது. வீடியோவில் மேல் டிராக் கீழ் டிராக்கை மறைக்கும். ஒலியில் மறைப்பதெல்லாம் கிடையாது, எல்லாம் கூடும். ஒரே ஒலி தெரியாமல் இரண்டு டிராக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் 6 டெசிபல் கூடி உடையும்.

டிரான்சிஷன் போட விடவில்லை

ஒரு விநாடி டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவது) போட்டால், முதல் கிளிப் வெட்டுக்குப் பிறகும் அரை விநாடி ஓட வேண்டும், இரண்டாவது வெட்டுக்கு முன்பே அரை விநாடி தொடங்க வேண்டும். அந்த மிச்சப் பகுதிதான் ஹேண்டில். கோப்பின் கடைசி ஃபிரேம் வரை பயன்படுத்தியிருந்தால் மிச்சம் ஏது? பிரீமியர் ‘இன்சஃபிஷியன்ட் மீடியா’ என்று எச்சரித்து, கடைசி ஃபிரேமை உறையவைத்துச் சமாளிக்கும். அது நன்றாக இருக்காது. இரு பக்கமும் பதின்மூன்று ஃபிரேம் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ‘ரெடி’ சொன்னவுடன் கேமராவை ஓட்டி, ‘கட்’ சொன்ன பிறகும் இரண்டு விநாடி விட்டுவைக்கும் ஒளிப்பதிவாளரை எடிட்டர்கள் கொண்டாடுவது இதற்காகத்தான்.

டைம்லைன் ஒரு மணியிலிருந்து தொடங்குகிறது

ரிசால்வில் புதிதாக நுழைபவர் 01:00:00:00 (மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம்) என்று பார்த்து ஏதோ ஒரு மணி நேரம் வெற்றிடம் இருப்பதாக நினைப்பார். இது கோளாறு இல்லை. டேப் காலத்தில் நிகழ்ச்சி சரியாக ஒரு மணியில் தொடங்கும். அதற்கு முன்னால் வண்ணப் பட்டையும் சோதனை ஒலியும் அறிவிப்புப் பலகையும் இருக்கும். அந்த மரபு தொடர்கிறது. டைம்லைன் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டார்ட்டிங் டைம்கோட்’ போய் சுழியம் ஆக்கிக்கொள்ளலாம். யூடியூப் அத்தியாய நேரங்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு அது வசதி.

அத்தியாய நேரங்கள் முடிவை நெருங்க நெருங்கச் சில விநாடி தப்பினால், உங்கள் டைம்லைன் 29.97, எண்ணும் முறை நான்-ட்ராப். விநாடிக்கு 29.97 ஃபிரேம் ஓட, கணக்கு 30 என்று நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம், அதாவது 3.6 விநாடி வித்தியாசம். ட்ராப் ஃபிரேம் முறைக்கு மாறினால் சரியாகும். அதில் எந்தப் படமும் விழாது. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களை மட்டும் தாண்டிப்போவார்கள், பத்தாவது நிமிடங்களில் தாண்ட மாட்டார்கள். 54 நிமிடம், இரண்டிரண்டாக, 108. கடைசி முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி தெரிந்தால் அது ட்ராப் முறை. 25 ஃபிரேமில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

எக்ஸ்போர்ட் நீளமாகவோ குட்டையாகவோ வருகிறது

பத்து நிமிட வீடியோ நாற்பது நிமிடமாகி, மீதி கறுப்பாக இருந்தால் டைம்லைனின் தொலைவில் ஏதோ ஒரு சிறு துண்டு விழுந்து கிடக்கிறது. பெரும்பாலும் நூல் போன்ற ஒரு ஒலித்துண்டு. ரிசால்வில் ஷிஃப்ட்டும் இசட்டும் அழுத்தினால் முழு டைம்லைனும் திரைக்குள் வரும். துண்டைக் கண்டுபிடித்து நீக்குங்கள்.

நடுவில் ஒரு பகுதி மட்டும் வந்தால் இன், அவுட் குறிகள் மறந்துபோய் இருக்கின்றன. ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் ‘என்டயர் டைம்லைன்’ என்று மாற்றுங்கள்.

படம் மங்கலாக இருக்கிறது

4கே கிளிப்பை 1080 சீக்வென்ஸில் போட்டு, உள்ளே ஜூம் செய்தால் மங்குகிறதா? பிரீமியரில் ‘ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்’ கொடுத்திருப்பீர்கள். அது படத்தை முதலில் 1080-க்குச் சுருக்கிவிடும். அப்புறம் பெரிதாக்கினால் சுருங்கியதைத்தான் இழுக்கும். அதை எடுத்துவிட்டு ‘செட் டு ஃபிரேம் சைஸ்’ கொடுங்கள். 4கே விவரம் அப்படியே இருக்கும்.

மீடியா ஆஃப்லைன்

சிவப்புத் திரையைப் பார்த்ததும் எடிட் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டியல் பத்திரமாக இருக்கிறது, அது காட்டும் கோப்புதான் இடம் மாறியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், யாரோ கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கலாம். பழைய பெயரையும் பழைய இடத்தையும் திருப்பிக் கொடுத்தால் தானே வந்துவிடும். இல்லையென்றால் ரீலிங்க் கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள்.

ஆபத்து, ரீலிங்க் ‘வெற்றி’ பெற்று வேறு காட்சியைக் கொண்டுவருவதில்தான் இருக்கிறது. சோனி கேமராக்கள் சி0001 என்று எண்ணத் தொடங்கும். கார்டை ஃபார்மட் செய்தால் எண்ணும் முறையைப் பொறுத்து மறுபடி அதே எண்ணிலிருந்து தொடங்கலாம். மூன்று கார்டில் மூன்று சி0001 இருந்தால் மென்பொருள் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கையும் வராது. மாலை வரவேற்பின் இடத்தில் காலை ஊர்வலம் வந்து உட்காரும். கார்டுக்கு ஒரு கோப்புறை, அதன் பெயரில் தேதியும் கேமராவும் என்று நகலெடுக்கும்போதே பிரித்துவிடுங்கள். ரீலிங்க் செய்யும்போதும் மொத்த டிஸ்க்கையும் காட்டாமல், அந்தந்தக் கார்டின் கோப்புறையை மட்டும் காட்டுங்கள்.